அமிர்தராஜ் சார் ஓடிய ஓட்டம்

உலகத்தில் ஓட்டவீரர்கள் எத்தனையோ பேர் பிறந்திருக்கிறார்கள். பாவம், அவர்களுக்குக் காலால்தான் ஓடத் தெரியும். நிர்வாகத்தாலேயே ஓட முடியும் என்று நிரூபித்த ஒரே மகான் எங்கள் அலுவலக மேலாளர் திரு. அமிர்தராஜ். அவருக்குக் கீழே இளநிலை உதவியாளனாகக் குப்பை கொட்டிய பாக்கியம் எனக்கு உண்டு. அவர் புகழை எழுத என்னைவிடத் தகுதியானவர் திருச்சியில் கிடையாது, ஒருவரைத் தவிர. அந்த ஒருவருக்கு எழுதத் தெரியாது. அது நாய்.

1984-இல் எங்கள் இலாகாவுக்கு வெள்ளிவிழா வந்தது. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் தொடங்கி, காவிரிப் பாலம், சத்திரம், பாலக்கரை வழியாக ஜங்ஷன் பக்கத்து மைதானம் வரை ஊழியர்கள் ஓட வேண்டும் என்று சுற்றறிக்கை. ஓடி முடிக்கும் மூத்த அதிகாரிக்கு இயக்குநர் சென்னையிலிருந்து வந்து தம் கையாலேயே பதக்கம் அணிவிப்பார். அந்தச் சமயம் சென்னையில் ஓர் உயர்பதவி காலியாக இருந்ததற்கும் மேலாளருக்குத் திடீரென்று பிறந்த 'தேக ஆரோக்கிய' ஆர்வத்துக்கும் சம்பந்தமே இல்லை. இதை அவரே எங்களிடம் பலமுறை சொன்னார்.

மறுநாளே பயிற்சி ஆரம்பம். விடியற்காலையில் காவிரிப் பாலத்தின்மேல் சார் ஸ்கூட்டரில் வருவார். ஸ்கூட்டரில் கட்டிய சங்கிலியின் மறுமுனையில் அவருடைய நாய் சீசர் ஓடிவரும். என் வீடு ஸ்ரீரங்கம். காவிரிக்குக் குளிக்கப் போகும்போது இந்தக் காட்சியைத் தரிசித்தேன்.

"சார், நீங்க ஓடலீங்களா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"வரது, ஓடறது யாரு வேணா ஓடலாம். ஓட வைக்கிறதுதான்யா நிர்வாகம். ஆபீஸ்ல நீங்க எழுதறீங்க, நான் கையெழுத்துப் போடறேன். ஃபைல் யாரோடது?"

"உங்களோடது சார்."

"அவ்வளவுதான்."

ஒரு வாரம் சார் இப்படிக் கடுமையாக ஓடினார். எட்டாம் நாள், நான் குளிக்கப் போய்க்கொண்டிருந்தபோதே, பாலத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. சீசர் மிரண்டு துள்ள, சங்கிலி சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. சீசரின் முன்னங்கால் ஒடிந்தது. ஸ்கூட்டருக்கு ஒரு கீறல்கூட இல்லை என்பதைச் சார் இரண்டு முறை குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டார்.

நாயைத் தூக்கிக்கொண்டு நானும், துக்கத்தைத் தூக்கிக்கொண்டு அவரும் கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் கமருன்னிசா மாவுக்கட்டுப் போட்டார்.

"ஆறு வாரம் இந்தக் கால் தரையில படக்கூடாது. மீறி ஓடவிட்டீங்கன்னா ஆயுசுக்கும் நொண்டிதான், பாத்துக்குங்க."

"ரேஸுக்கு நாலு வாரம்தாங்க இருக்கு! என் பயிற்சி என்னங்க ஆகறது?"

"ஏன், உங்க காலுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்களே" என்றார் சார், அந்தக் கேள்வியின் பொருத்தம் புரியாமல்.

மறுநாள் அவசரக் கூட்டம். சீசர் நலம்பெற வேண்டித் தீர்மானம் நிறைவேறியது. சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வரது, ஒருத்தர் மெடிக்கல் லீவ்ல போனா அவர் வேலையை யாரு பாக்கணும்?"

"பக்கத்து ஸீட்டுக்காரர் சார். கூடுதல் பொறுப்பு."

"தினம் சாயங்காலம் வீட்டுக்கு ஃபைல் கொண்டுவர்றீங்களே, அப்ப யாரு பக்கத்துல நிக்கறீங்க?"

யோசித்தேன். சீசர் பக்கத்தில்தான்.

ஆபீஸ் வழக்கத்தை மீற நான் யார்? விடிந்ததும் ஸ்கூட்டருக்கு முன்னால் ஓடினேன். சங்கிலி மட்டும் போடவில்லை. 'வரது நிரந்தர ஊழியர், நம்பலாம்' என்று சார் அதைத் தள்ளுபடி செய்திருந்தார். என் கால் கொப்பளித்தது. சார் என்ன அனுபவித்தார் என்பதைக் கேளுங்கள்: ஓடும் என் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் சீசர் ஞாபகம் வந்து அவர் ஒரு கையால் கைக்குட்டையைத் தேடினார்.

வீட்டில் அவர் மனைவி பேட்ரிசியா அம்மாதான் சீசருக்குக் கஞ்சி ஊட்டினார். ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் போதும், சீசர் எழுந்திருக்கப் பார்க்கும். அம்மா அதைக் கட்டிப் பிடித்துக்கொள்வார்.

போட்டி நாள். சாரின் நம்பரை என் பனியனில் குத்தினார்கள். ஓட்டத்தைத் தொடங்கி வைத்தவரும் எங்கள் ஆபீஸ்காரர்தான். நம்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வரைவு ஒருவர், கையெழுத்து ஒருவர் என்பது அவருக்குப் புதிதா என்ன? கொடியை அசைத்துவிட்டார். ஓடினேன். மைதானத்துக்கு முந்தைய சந்தில் சார் ஸ்கூட்டரோடு காத்திருந்தார். வேடிக்கை பார்க்க என்று சொல்லி, அம்மாவையும் சீசரையும் ரிக்ஷாவில் வரவழைத்திருந்தார். என் நம்பரைக் கழற்றித் தான் குத்திக்கொண்டார். சோடாவை உடைத்து நெற்றியில் தெளித்துக்கொண்டார். பிறகு சங்கிலியை எடுத்தார்.

"ஏங்க, டாக்டர் என்ன சொன்னாங்க? அதை எதுக்குங்க எடுக்கறீங்க?" என்று அம்மா பதறினார்.

"நாலு எட்டுதான் பேட்ரிசியா. போட்டோக்காரன் நிக்கறான். கட்டு நல்லாத் தெரியணும்."

"வேணாங்க! நீங்க கூப்பிட்டா அது ஓடும்ங்க. அதுக்கு உங்க மேல அவ்வளவு பாசம்."

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

சார் விசில் அடித்தார். சீசர் ரிக்ஷாவிலிருந்து குதித்தது. வாலை ஆட்டிக்கொண்டே, மூன்று காலால் தொடங்கி, எஜமான் வேகம் எடுத்ததும் நாலாவது காலையும் ஊன்றியது. எல்லைக் கோட்டில் மாவுக்கட்டு சுக்குநூறாயிற்று. அது கத்திய கத்தல் கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

மேடையில் இயக்குநர் பதக்கம் போட்டார். "இந்த வயதில் மூச்சுக்கூட வாங்கவில்லையே!" என்று வியந்தார். உண்மைதான், வாங்கவில்லை.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. அடுத்த மாதம் பதவி உயர்வு வந்தது. டாக்டர் மட்டும், "இனிமே இந்தக் கால் சேராது" என்று சொல்லிவிட்டார்.

"மெட்ராஸ் குவார்ட்டர்ஸுக்கு நொண்டி நாய் சரிப்படாது" என்று சார் ஜங்ஷனில் சங்கிலியை என் கையில் கொடுத்தார். "கூடுதல் பொறுப்பு, வரது." ரயில் நகரும்வரை பேட்ரிசியா அம்மா ஜன்னலில் அழுதுகொண்டிருந்தார். சீசர் ரயிலோடு ஓடப் பார்த்து, பிளாட்பாரத்தில் விழுந்தது.

"ஆசாரமான ஆத்துல நாயா?" என்றாள் என் மனைவி வேதவதி. அந்தக் காலைப் பார்த்தாள். உள்ளே போய்த் தயிர்சாதம் பிசைந்து எடுத்துவந்தாள்.

ஆபீஸ் கூடத்தில் இப்போது அந்தப் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. கீழே தங்க எழுத்தில்: 'காயம்பட்ட தோழனைக் கைவிடாத ஓட்டவீரர்.' டாக்டரிடம் போய்த் திரும்பும் வழியில் ஒருநாள் சீசரையும் உள்ளே அழைத்துப் போனேன். படத்தில் இருந்த எஜமானைப் பார்த்து அது வாலை ஆட்டியது. அதற்குப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் கடித்திருக்கும். படிக்கத் தெரிந்த நாங்கள் வெள்ளிக்கிழமைதோறும் கண்ணாடியைத் துடைத்து வைக்கிறோம்.