திருத்தியபடி அச்சிடலாம்

"இந்த வீட்டை விட்டு ஒரு தாள்கூட வெளியே போகாது. போனால் என் பிணத்தைத் தாண்டித்தான் போகும்!"

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, கையில் ரொட்டித் துண்டோடு எழுந்து நின்று ஒற்று சார் முழங்கினார். முழங்கிய வேகத்தில் ரொட்டியிலிருந்த ஜாம் சட்டையில் விழுந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. புரட்சி என்று வந்துவிட்டால் நாலு சொட்டு சிந்தத்தான் செய்யும்.

"பிணம் குறுக்கே கிடந்தா ஓரமாத் தள்ளி வைக்க ஆள் இருக்கு," என்றாள் மனைவி. "முதல்ல சட்டையைக் கழட்டுங்க. கறை பிடிச்சிடும்."

ஒற்று என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரல்ல, அச்சகத்தில் வைத்தது. அங்கே இருபத்தாறு வருஷமாக மெய்ப்புத் திருத்துகிறார். அதாவது, எதுவும் அச்சேறுவதற்கு முன்னால் ஒரு படி இவர் மேஜைக்கு வரும். இவர் சிவப்புப் பேனாவால் அதைக் கொத்திக் குதறி, கடைசியில் 'திருத்தியபடி அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விட்டுப்போன க், ச், த், ப் எதுவும் இவர் கண்ணுக்குத் தப்பாது. ஓட்டல் பலகையில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தால் இவருக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் ஒற்று சார். அந்த 'ஒற்று'க்கும் 'சார்'க்கும் நடுவில் ஒரு ச் வர வேண்டுமா என்பது மட்டும் இன்றுவரை அவரை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

புரட்சிக்குக் காரணம், போன் வீடியோவில் பேசும் ஒரு பெண்மணி. வாழ்க்கையை லேசாக்கிக்கொள்ளத் தினம் ஒரு குறிப்புச் சொல்வார். முகம் நிறையச் சிரிப்பு. பின்னால் ஒரு வெள்ளைச் சுவர், ஒரு செடி. ஒற்று சார் அவருக்குக் குறிப்பம்மா என்று பெயர் வைத்திருந்தார். 'சாப்பிடும்போது கோபப்படாதீர்கள்' என்று குறிப்பம்மா சொன்ன நாள் முதல், மனைவி சாப்பாட்டுக்கு முன்னாலேயே திட்டி முடித்துவிடுகிறாள். 'காலையில் கண்ணாடியைப் பார்த்துப் புன்னகை செய்யுங்கள்' என்றதை ஒற்று சாரும் ஒருநாள் செய்து பார்த்தார். பயந்துவிட்டார்.

இன்றைய குறிப்பு இது: 'ஒரு வருஷமாக நீங்கள் தொடாத பொருள் உங்களுடையது அல்ல. அது யாருக்கோ சேர வேண்டியது. கொடுத்துவிடுங்கள்.'

கேட்டு முடித்ததும் மனைவியின் பார்வை பின்னறைக் கதவில் போய் நின்றது. அந்த அறைக்குள் முப்பத்தெட்டுக் கட்டு சினிமா வார இதழ்கள் இருந்தன. பத்தொன்பது வருஷத்துச் சேகரம். தரையிலிருந்து கூரை வரை அடுக்கி, நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்க மட்டும் வழி. மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். அவளுடைய தையல் மெஷின் ஃப்ரிட்ஜுக்கும் அடுப்பு மேடைக்கும் நடுவில் கிடந்தது. போன மாதம் ஒரு ரவிக்கையில் ரசம் வாசனை வருகிறதென்று ஒரு வாடிக்கைக்காரி திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"முதியோர் இல்லத்துல படிக்கிற அறை ஒண்ணு திறக்கறாங்க," என்றாள் மனைவி. தெருவிலுள்ள பெண்கள் நடத்தும் உதவிக் குழுவுக்கு அவள்தான் செயலாளர். "அலமாரி குடுத்துட்டாங்க, நாற்காலி குடுத்துட்டாங்க. படிக்கத்தான் ஒண்ணும் இல்ல."

"என் புத்தகத்துக்கு அதெல்லாம் வேணும்."

"எந்தப் புத்தகம்?"

"வில்லன்கள் சிரிப்பைப் பத்தி. பெரிய ஆராய்ச்சி. மாடிப்படி இறங்கிக்கிட்டே சிரிக்கிறவன், போனை வச்சிட்டுச் சிரிக்கிறவன், சுழல் நாற்காலியில திரும்பிச் சிரிக்கிறவன்னு மூணே வகைதான் உலகத்துல. யாரும் இதை எழுதல."

"நீங்களும் எழுதல. பதினோரு வருஷமாச்சு."

"தலைப்பு சரியா அமைஞ்சா பாதிப் புத்தகம் முடிஞ்ச மாதிரி."

"தலைப்பு என்ன?"

"அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்."

அன்றைக்கே ஒற்று சார் எதிர்ப்பு நடவடிக்கையில் இறங்கினார். தொடாத பொருள்தானே போக வேண்டும்? தொட்டுவிட்டால்? பின்னறைக்குள் புகுந்து முப்பத்தெட்டுக் கட்டையும் ஒன்று விடாமல் தொட்டார். இருபத்தேழு முறை தும்மினார். பிறகு கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டு, சாவியைக் கோடு போட்ட சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தார். பக்கத்து வீட்டு டிரைவர் தன் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"விடாதீங்க சார்," என்றார் டிரைவர். "எதிர்த்து நில்லுங்க. நான் அன்னிக்கு நிக்காம விட்டேன், என் கேரம் போர்டு போயிடுச்சு."

"நீங்க என் பக்கம்தானே?"

"பக்கத்து வீடு சார். வேற எந்தப் பக்கம் போவேன்?"

திங்கட்கிழமை மாலை மனைவி தானாகவே இறங்கி வந்தாள். "எதுக்குங்க சண்டை? உங்க கையெழுத்து இல்லாம அந்த அறையிலேர்ந்து ஒரு தாள் போகாது. போதுமா?"

"எழுத்துல வேணும்."

"நீங்களே எழுதுங்க."

எழுதினார். 'என் கையெழுத்து இல்லாமல் பின்னறையிலிருந்து ஒரு தாளும் வெளியேறாது.' மூன்று முறை படித்துப் பார்த்தார். பிழை இல்லை. அவள் கையெழுத்துப் போட்டதும் அவருக்கு ஒரு சிரிப்பு வந்தது. மாடிப்படி வகை. வீட்டில் மாடி இல்லாததால் முக்காலி மேல் ஏறி நின்று சிரித்தார். பாதியில் இருமல் வந்துவிட்டது.

புதன்கிழமை மாலை அவள் ஒரு தாளை நீட்டினாள்.

"எங்க குழுவோட படிவம். உங்க அச்சகத்துலதான் அடிக்கக் குடுக்கறோம். கொஞ்சம் பிழை பாத்துக் குடுங்க."

"எதிரி கேம்புக்கு நான் வேலை செய்ய மாட்டேன்."

"சரி விடுங்க. அப்படியே அடிச்சுத் தெருவெல்லாம் குடுத்துடறோம். சந்தி சிரிச்சா சிரிக்கட்டும்."

தாளின் மேல்வரி மட்டும் அவர் கண்ணில் பட்டது. 'ஒப்புதல் படிவம் மற்றும் கொடை பட்டியல்.' துள்ளி எழுந்தார்.

"சந்தி எங்கேம்மா சிரிக்கிறது? இதுல சந்தியே இல்லியே! கொடைப் பட்டியல்! ப் எங்கே? ப்பை யாருக்குக் கொடை குடுத்தீங்க?"

"இருக்கட்டுங்க. உங்க அச்சகத்துப் பேரும் கீழே வரும்."

பேனா அவர் கைக்கு எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. உட்கார்ந்துவிட்டார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மெய்ப்புத் திருத்துகிறவர்கள் நம்மைப் போலப் படிப்பதில்லை. எழுத்தைப் பார்ப்பார்கள்; சேதியைப் பார்க்க மாட்டார்கள். சேதிக்குள் போய்விட்டால் பிழை தப்பிவிடும். ஒற்று சார் இதில் பெரிய தேர்ச்சி பெற்றவர். தன் கல்யாணப் பத்திரிகையைத் தானே திருத்தினார். ஏழு பிழை கண்டுபிடித்தார். கல்யாணத்தன்று காலை வழக்கம்போல வேலைக்குப் போய்விட்டார். மாமனார் ஆள் அனுப்பித்தான் கூட்டிவர வேண்டியிருந்தது.

அந்தப் படிவம் அவருக்கு விருந்தாக இருந்தது. 'மணமார' என்று இருந்தது. மூன்று சுழி! 'ஒப்புக்கொல்கிறேன்' என்று இருந்தது. "கொல்றாங்க, கொல்றாங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டு ள் போட்டார். 'சட்டை பையில்' என்று இருந்த இடத்தில் ஒரு ப்பை ஆசையோடு நட்டார். பின்பக்கம் இன்னும் மோசம். ஒற்று வர வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது. மூன்று சுழி வர வேண்டிய இடத்தில் இரண்டு சுழி இருந்தது. மொத்தம் பத்தொன்பது பிழை. கடைசியில் முன்பக்கத்து அடியில் 'திருத்தியபடி அச்சிடலாம்' என்று எழுதி, இரண்டு கோடு இழுத்து, தேதியோடு கையெழுத்துப் போட்டார். அன்று இரவு நன்றாகத் தூங்கினார்.

சனிக்கிழமை அச்சகம் அரை நாள்தான். மதியம் ஒற்று சார் வீட்டுக்குள் நுழைந்தபோது பின்னறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே வெயில் அடித்தது. அந்த அறைக்கு ஜன்னல் உண்டு என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. ஜன்னலடியில் தையல் மெஷின். அதன் முன்னால் அவர் மனைவி, காலை ஆட்டிக்கொண்டு, ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு. ஒரு கட்டைக்கூடக் காணோம்.

"திருட்டு! துரோகம்! கையெழுத்து இல்லாம..."

"இருக்குங்க." அவள் சிவப்பு மை நிறைந்த அந்தத் தாளை எடுத்தாள். "படிக்கிறேன், கேளுங்க. 'என் பின்னறையிலுள்ள முப்பத்தெட்டுக் கட்டுத் திரை இதழ்களை முதியோர் இல்லத்துக்கு வழங்க மனமார ஒப்புக்கொள்கிறேன்.' நான் மூணு சுழிதான் போட்டிருந்தேன். மனசார ரெண்டு சுழி ஆக்கினது யாரு?"

ஒற்று சார் தாளைப் பிடுங்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

"'அறையின் சாவி என் கோடு போட்ட சட்டைப் பையில் இருக்கிறது.' சட்டைக்கும் பைக்கும் நடுவுல ஒரு ப். எவ்வளவு அழகாப் போட்டிருக்கீங்க!"

அவர் குனிந்து பார்த்தார். காலையில் அவள் எடுத்து வைத்திருந்த சட்டையில் கோடு இல்லை.

"இத்தனை பிழையா வரும் ஒரு படிவத்துல? அப்பவே எனக்குத் தோணியிருக்கணும்!"

"கஷ்டப்பட்டுத்தாங்க போட்டேன். ரெண்டு நாளாச்சு." அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "வீட்டுல ஒற்றுமை வேணும்னா சும்மா வருமா? ஒற்று உங்களுது. மையும் உங்களுது."

ஒற்று சார் தெருவுக்குப் பாய்ந்தார். டிரைவர் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேனுக்குள் இரண்டு பழைய அட்டைப்படங்கள் கிடந்தன.

"நீங்களா ஓட்டினீங்க? எதிர்த்து நில்லுங்கன்னு சொன்னவர் நீங்கதானே!"

"நின்னேன் சார். வண்டிக்கு எதிர்லதான் நின்னேன். உங்க வீட்டம்மா, ஏறுங்க அண்ணான்னாங்க. ஏறிட்டேன்."

அவ்வளவுதான். ஒற்று சார் இரவு முழுக்கக் கறுவினார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, கோடு போட்ட சட்டையை வேண்டுமென்றே போட்டுக்கொண்டு, முப்பத்தெட்டுக் கட்டையும் மீட்டுவருவதாகச் சபதம் போட்டுக் கிளம்பினார். மனைவி தடுக்கவில்லை. தண்ணீர்ப் பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்தாள். பேசியே ஆக வேண்டியிருக்கும், தொண்டை காயும் என்றாள்.

முதியோர் இல்லத்தின் படிப்பறையில் ஒரே அமளியாக இருந்தது. கட்டுகளை எல்லாம் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஒரே பக்கத்தின் மேல் மூன்று தலைகள். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு டீச்சரம்மா, இந்தக் கதாநாயகனுக்காகத்தான் அந்தக் காலத்தில் பரீட்சையில் தோற்றேன் என்று எல்லோரிடமும் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெரியவர் எழுந்து நின்று, கைத்தடியை ஊன்றி, சிரித்துக் காட்டினார். உண்மையான வில்லன் சிரிப்பு. ஜன்னல் அதிர்ந்தது.

"அது போனை வச்சிட்டுச் சிரிக்கிற சிரிப்பு," என்று ஒற்று சார் வாசலிலிருந்தே சொல்லிவிட்டார். வந்த வேலை மறந்துபோனது. "நீங்க மாடிப்படியில நிக்கிற மாதிரி நிக்கறீங்க. தப்பு."

பெரியவர் விறைத்தார். "நான் நாடகத்துல நாப்பது வருஷம் வில்லன். அழுதுக்கிட்டே சிரிப்பேன், பாக்கறியா?"

சிரித்துக் காட்டினார். நாலாவது வகை! ஒற்று சாருக்கு மெய் சிலிர்த்தது. பதினோரு வருஷமாக அவர் அந்தக் கட்டுகளைப் பிரித்ததே இல்லை. உள்ளே இவ்வளவு சத்தம் இருப்பது அவருக்குத் தெரியாது. உட்கார்ந்தார். விவாதித்தார். டீச்சரம்மாவோடு ஒரு அட்டைப்பட வசனத்துக்காகச் சண்டையே போட்டார். மத்தியானச் சாப்பாடும் அங்கேயே. நாலு மணிக்கு எழுந்தபோது, இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாக ஒரு நாள் முழுக்கத் தான் ஒரு பிழையைக்கூடத் தேடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. மனசு நிறைந்து கிடந்தது. ஆனால் அதை வீட்டில் ஒப்புக்கொள்வதா? நடக்காது.

ஐந்து மணிக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். சட்டைக்குள்ளிருந்து ஒரே ஒரு இதழை உருவி, மெஷின் மேல் போட்டார்.

"மீட்டுட்டேன்! இன்னிக்கு ஒண்ணு. அடுத்த ஞாயிறு இன்னொண்ணு. இனிமே ஒவ்வொரு ஞாயிறும் காலையில போவேன், சாயங்காலம்தான் வருவேன். நீ அழுதாலும் நிக்க மாட்டேன். யார் தடுக்கிறாங்கன்னு பாத்துடறேன்!"

"யாருங்க தடுக்கப் போறாங்க?" என்றாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அது நாலு வகையிலும் சேராத சிரிப்பு. "படிவத்துல பின்பக்கமும் இருக்குங்க."

திருப்பினார். 'செயலாளர் வழங்குவது: ஞாயிற்றுக்கிழமைதோறும், காலை முதல் மாலை வரை, கணவர் ஒருவர்.'

அவள் 'கனவர்' என்றுதான் எழுதியிருந்தாள். சிவப்பு மையில் இன்னொரு சுழி போட்டுக் கணவராக்கிக் கொடுத்தவர் அவரேதான்.