உதவித்தொகைக்காக வீட்டை அலங்கரித்தேன்

இல்லாமையைக் காட்டி உதவி வாங்குவதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். எனக்கு அது கிடையாது என்பதைப் பதினாறு வயதில், ஒரே பிற்பகலில் நிரூபித்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, திண்டுக்கல். அப்பா வெங்காய மண்டியில் எடை போடுகிறவர். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியிருந்தேன். ஆனாலும் அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ஒதவித்தொகை கெடச்சா பிளஸ் ஒன்னு. இல்லாட்டி மில்லுதான் தாயி." ஊரில் ஓர் அறக்கட்டளை, பள்ளிக்கு ஒரு மாணவிக்கு மட்டும் இரண்டு வருடப் படிப்புச் செலவைக் கொடுத்துவந்தது. நானும் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவும் மனுப் போட்டோம். (அப்படியும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை.) வீட்டு நிலைமையைப் பார்க்க ஆள் வருவார் என்று கடிதம் வந்தது. புதன்கிழமை என் வீடு, வியாழக்கிழமை அவள் வீடு.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் நாலு வீட்டுச் சாமான் அங்கே போய்விடும். வந்தவர்கள் முன்னால் மானம் போகக்கூடாது. வீட்டைப் பார்க்க ஆள் வருகிறார் என்றதும் என் புத்தி அந்த வழியில்தான் ஓடியது. அவர் எதைப் பார்க்க வருகிறார் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். (வகுப்பில் முதல் மூன்று ரேங்குக்குள் வருகிறவள் வேறு!)

ஸ்டெல்லா வீட்டிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, டேபிள் ஃபேன், கறுப்பு வெள்ளை டிவி எல்லாம் வந்து இறங்கின.

"இன்னைக்கு ஒங்க வீடு, நாளைக்கு எங்க வீடு. அம்புட்டுத்தான்" என்றாள் அவள், டிவியை ஒரு பக்கம் பிடித்தபடி.

வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நாற்காலியில் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஃபேனை இன்னுங் கொஞ்சம் வேகமா வைக்கவா சார்?" என்று உபசரித்தேன்.

அவர் நோட்டில் ஏதோ எழுதினார். அந்நேரம் மண்டியிலிருந்து வந்த அப்பா, வீட்டைப் பார்த்து ஆடிப்போய்விட்டார்.

"அய்யா, இதெல்லாம் நம்ம சாமான் இல்லைங்கய்யா. எரவல் வாங்கியாந்திருக்கு."

எனக்கு உயிரே போய்விட்டது. "அப்பா சும்மா சொல்றாரு சார். எல்லாம் எங்களுதுதான்."

"பணத்துக்காகப் பொய் சொல்லலாமாய்யா? பிள்ளையப் பாத்துக் கத்துக்கங்க" என்று வந்தவர் அப்பாவைக் கண்டித்தார். இன்றைக்கு நினைத்தாலும் அந்தப் பதினாறு வயதுக் கழுதையை இழுத்துவைத்து நாலு அறை விடத் தோன்றுகிறது.

எழுந்தவர், "ஸ்டெல்லாங்கிற பிள்ள வீடு பக்கத்துலதானே? வந்தது வந்தாச்சு, அதையும் பாத்துட்டுப் போயிர்றேன்" என்றார்.

தடுப்பதற்குள் உள்ளே போய்விட்டார். அங்கே நான்கு சுவரும் ஒரு பாயும்தான் இருந்தன.

"உக்கார ஒண்ணும் இல்லையாம்மா?"

அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, காட்டிக்கொடுத்துவிடாதே என்று ஸ்டெல்லாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"இருந்துச்சு சார்" என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு. "இப்ப இல்ல."

பாவம், எல்லாவற்றையும் விற்றுத் தின்றுவிட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, பாயிலேயே உட்கார்ந்து அவள் மனுவில் கையெழுத்துப் போட்டார்.

நான் ஒரு வருடம் மில்லில் நூல் சுற்றினேன். சீருடையில் போகிற பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். அடுத்த வருடம், சேர்த்த கூலியோடும் ஸ்டெல்லாவின் பழைய புத்தகங்களோடும் பிளஸ் ஒன் சேர்ந்தேன்.

ஸ்டெல்லா இப்போது தலைமை ஆசிரியை. எந்த விசேஷத்தில் பார்த்தாலும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆள் ஆளுக்கு அறிமுகம் செய்கிறாள்: "என்னையப் படிக்க வச்சதே இவதான்." கேட்டவர்கள் நெகிழ்ந்துபோய் என்னைக் கும்பிடுகிறார்கள். கதை தெரிந்த என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் பின்னால் நின்று சிரிக்கிறார்கள். மறுக்கவும் முடியவில்லை, அவள் சொல்வதில் பொய்யும் இல்லை.