எட்டடிக்குப் பன்னிரண்டடி நான்

கள்ளக்குறிச்சி,
ஐப்பசி 14

சிரஞ்சீவி மருமகன் தீனதயாளனுக்கு, அத்தை ராணியம்மாள் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நான் நலம். என்னுடைய மற்ற பதினோரு முகங்கள் எங்கெங்கே எப்படி இருக்கின்றன என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சென்னையில் நீயும் சுபஸ்ரீயும் குழந்தை தமிழ்மொழியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

கடிதத்தைத் திருப்பிப் பார்த்துக் குழம்பாதே. முதல் தாளின் பின்னால் இருப்பது நம் காசிநாதன் மகளின் கல்யாணப் பத்திரிகை. அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அடுத்த தாள் ஒரு காதுகுத்து, அதற்கடுத்தது ஒரு புதுமனை புகுவிழா. இவ்வளவு கெட்டியான காகிதத்தில் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு ஊரைக் கூப்பிடுகிறார்கள். நான் கடிதத்தாள் வாங்கி ஆறு வருஷம் ஆகிறது.

என் பழக்கம் உனக்குத் தெரியும். கான்வென்ட் விடுதியில் சிஸ்டர் பிலோமினா, பென்சில் விரலில் நிற்காத அளவு தேயும்வரை புதிது தரமாட்டார். அப்போதும் தரமாட்டார், மூங்கில் குச்சியில் பிடி செருகித் தருவார். அறுபது வருஷமாக நான் அந்தத் துண்டுப் பென்சிலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கடைத்தெருவோ வேறு பாடம் நடத்துகிறது. பேனாவுக்கு ரீஃபில் கேட்டால், "அதெல்லாம் இப்ப வர்றதில்லீங்கம்மா, புதுப் பேனாவே எட்த்துக்கோங்க" என்கிறான். மிக்ஸி மூடிக்கு ரப்பர் வளையம் கேட்டேன், மிக்ஸியைக் காட்டினார்கள். குடைக்கம்பி ஒன்று ஒடிந்தது. ஆறு கடை ஏறி இறங்கினேன், ஆறிலும் புதுக் குடையை விரித்துக் காட்டினார்கள். பல்வலி என்று போனால் புதுத் தலையை எடுத்துக் காட்டுவார்கள் போலிருக்கிறது. இருந்தாலும் நான் விடவில்லை. குப்பை வண்டி தமிழரசன் தினமும் என் வாசலில் விசில் ஊதிவிட்டு, "இன்னிக்கும் ஒண்ணும் இல்லியாம்மா? சாப்புடறீங்களா இல்லியா?" என்று கேட்பான். "ஒன்றும் இல்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்தும்போது எனக்கு வரும் சந்தோஷம் கொஞ்சம் கர்வம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

இப்படிப்பட்டவளிடம்தான் நீ ஆவணியில் போன் செய்து, "அத்தை, எழுபத்தஞ்சாவது பொறந்த நாளுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டாய். பாக்கெட்டில் வரும் எதுவும் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னேன். பேனர் பாக்கெட்டில் வராது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. உனக்குத் தோன்றியிருக்கிறது. பிறந்த நாளன்று திருநாவலூர்க் கோயிலில் அர்ச்சனை முடித்து உன் காரில் திரும்பிவரும்போது, உளுந்தூர்பேட்டை முக்கில் எட்டடி உயரம், பன்னிரண்டடி அகலத்தில் நானே என்னை முறைத்துக்கொண்டு நின்றதை உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன். சிம்மாசனம். இரண்டு பக்கமும் சிங்கம். தலைக்கு மேலே ஏன் என்று தெரியாமல் ஒரு ஹெலிகாப்டர். "பவள விழா காணும் எங்கள் மகாராணியே" என்று எழுதி மூன்று ஆச்சரியக்குறி. காலடியில் உன் நண்பர்கள் பதினான்கு பேர் காதில் செல்போனோடு வரிசையாக நிற்கிறார்கள். அதில் ஒருவனைக்கூட எனக்குத் தெரியாது. எலவனாசூர்கோட்டையில் இரண்டு, தியாகதுருகத்தில் இரண்டு என்று என் வீட்டு வாசல்வரை பதினோரு ராணியம்மாள்கள். நீ ஆசையாக என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாய். அதனால்தான் அன்றைக்குத் திட்டவில்லை. அந்தப் பாக்கியை இப்போது தீர்க்கிறேன்.

மறுநாள் நீ ஊருக்குப் போய்விட்டாய். பேனரை என்ன செய்வது என்று நான் மூன்று நாள் யோசித்தேன். கொளுத்தினால் ஊரெல்லாம் நாற்றம். ஏரியில் போட்டால் மாடு தின்னும். தமிழரசனிடம் கொடுத்தால் அறுபது வருஷ மானம் போய்விடும். கடைசியில் நம் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாசியைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் அவிழ்த்து, கூரை ஒழுகுகிறவர்களுக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். ஒரே ஒரு நிபந்தனைதான். படம் தெரியக் கூடாது, முகம் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். அம்மாசி தலையை ஆட்டினான். அவன் ஆட்டினால் அதற்கு என்ன அர்த்தம் என்று நாற்பது வருஷமாகத் தெரிந்திருந்தும் நம்பினேன்.

இரண்டு வாரம் கழித்து எலவனாசூர்கோட்டையில் அவன் வீட்டு வழியாகப் போனேன். ஆட்டுப்பட்டியின் கூரையாக நான் இருக்கிறேன். என் மூக்கின்மேல் ஒரு கிடாக்குட்டி ஏறி நின்று மூத்திரம் பெய்துகொண்டிருந்தது. கூப்பிட்டுக் கேட்டால், "வழவழன்னு இருக்கற பக்கம் மேல இருந்தாத்தாம்மா தண்ணி நிக்காம ஓடும். அந்தாண்ட திருப்பிப் போட்டா ஊறிக்கினு ஒழுவும். உங்க கன்னத்துல ஒரு சொட்டு தங்கல, பாருங்க!" என்று பெருமையாகக் காட்டுகிறான். அவன் சொல்வது நியாயமாக இருந்ததால் கோபம் ஜாஸ்தியானது.

அதோடு முடியவில்லை. ஆத்தூரிலிருந்து என் ஒன்றுவிட்ட தங்கை விஜயலட்சுமி போன் செய்தாள். "அக்கா, உன்ன இப்பத்தான் பாத்தேன். மரவள்ளிக் கெழங்கு லாரி மேல மல்லாந்து படுத்துக்கினு சேலம் பக்கமா போய்க்கினு இருந்த. கைகூட காட்டுனேன், நீ பாக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள், சிரிக்கிறாள், போனை வைக்கவே இல்லை. சின்ன வயதில் நான் அவள் கையெழுத்தைத் திருத்தியதற்குப் பழிவாங்கிவிட்டாள்.

உளுந்தூர்பேட்டையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் இளவரசன் என்பவன் என்னைக் கடைக்கு முன்னால் பந்தலாகக் கட்டியிருக்கிறான் என்று கேள்விப்பட்டு, இதைச் சும்மா விடக்கூடாது என்று ஒடிந்த குடையோடு பஸ் ஏறினேன். கடைக்கு முன்னால் போய் நின்று, "தம்பி, இதைத் திருப்பிக் கட்டு" என்றேன். அவன் மேலே பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடியும் மேலே பார்த்தான். "ஏம்மா, அது நீங்களா? நேர்ல இவ்ளோ சின்னதா இருக்கீங்க!" என்றான். அவன் பெயரைச் சொல்லி, திருப்பித்தான் கட்ட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். "திருப்புனா என் பொழப்பு இன்னா ஆவறது? லாரிக்காரங்க அல்லாரும் 'ஆயா கட'ன்னு கேட்டுக்கினுதான் வர்றாங்க. நேத்து ஒருத்தன் ஆந்திராலேர்ந்து போன் பண்றான், ஆயா கட தொறந்திருக்கான்னு." நான் யாருக்கும் ஆயா இல்லை என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவன் என் கையிலிருந்த குடையை வாங்கி, பழைய சைக்கிள் கம்பி ஒன்றை வளைத்து, ஐந்தே நிமிஷத்தில் பூட்டி விரித்துக் கொடுத்துவிட்டான். ஆறு கடைக்காரர்கள் முடியாது என்ற வேலை! சரிசெய்த குடையைப் பிடித்துக்கொண்டு ஒருவனைத் திட்டுவது எவ்வளவு சிரமம் என்று உனக்குத் தெரியாது. ஒரு சிங்கத்தை மட்டும் காணவில்லையே என்று கேட்டேன். "அக்கா பையன் அழுதான், வெட்டிக் குட்த்துட்டேன்" என்றான். போகட்டும், சிங்கத்தைப் பற்றி எனக்கு வழக்கு இல்லை.

மீதி இருந்த ஒரே நம்பிக்கை பெரியம்மாள். கல்வராயன் மலையிலிருந்து எனக்குச் சாமையும் தேனும் கொண்டுவருவாளே, அவள்தான். அம்மாசி கொடுத்ததில் ஒன்று அவளுக்கும் போயிருந்தது. நான் நீட்டும் அதே பழைய பாட்டிலில் பன்னிரண்டு வருஷமாகத் தேன் ஊற்றுகிற, சொன்ன சொல் தவறாதவள். அவளாவது முகத்தைக் கீழ்ப்பக்கம் போட்டிருப்பாள், அதை அம்மாசிக்கும் இளவரசனுக்கும் உதாரணமாகக் காட்டலாம் என்று போன வியாழக்கிழமை வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி, முந்தின நிறுத்தத்தில் இறங்கி, மேட்டில் முக்கால் மணி நேரம் நடந்தேன். என்னைப் பார்த்ததும், "வாங்கம்மா, உங்க வூட்டுக்கு நீங்களே வந்துட்டீங்க!" என்று சிரித்துக்கொண்டே உள்ளே கூட்டிப்போனாள். அவள் என் சொல்லைத் தட்டவில்லை. மூங்கில் விட்டத்தின்மேல் பேனரை முகம் கீழே பார்க்கப் பரப்பி, அதன்மேல் கோரைப்புல் வேய்ந்திருக்கிறாள். வெளியே பார்த்தால் நான் இல்லவே இல்லை. உள்ளே நிமிர்ந்து பார்த்தால் சிம்மாசனம், சிங்கம், ஹெலிகாப்டர், நடுவில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு நான். வீட்டில் எந்த மூலைக்குப் போனாலும் என் பார்வை கூடவே வருகிறது.

"பசங்க பயப்படவில்லையா?" என்று கேட்டேன். "மொத ரெண்டு நாள் அழுதுதுங்க. இப்ப தட்டுல ஒரு பருக்க மிச்சம் வெக்கறதில்லம்மா. மேல ஒரு பார்வ பாத்துட்டு வழிச்சித் தின்னுடுதுங்க" என்றாள். அப்போதுதான் மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மழை இல்லை, மலை மழை. பெரியம்மாள், அவள் மருமகள், மூன்று பேரப் பிள்ளைகள், ஒரு கோழி, நான் என எல்லோரும் எனக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். போன வருஷம்வரை இந்த மழைக்கு ஏழு இடத்தில் பாத்திரம் வைப்பார்களாம். இப்போது அந்த ஏழு பாத்திரமும் காய்ந்து கவிழ்ந்து கிடந்தன. ஒரு சொட்டு இறங்கவில்லை. சாமைச் சோறும் புளிச்சாறும் போட்டாள். நானும் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. எப்படி வைப்பது, நான்தான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேனே.

இதனால் என் மனம் இளகிவிட்டது என்று நீ முடிவுகட்ட வேண்டாம். கண்டிப்பாகச் சொல்கிறேன். கார்த்திகை முதல் ஞாயிற்றுக்கிழமை நீ ஊருக்கு வருகிறாய். ஒரு டப்பா கறுப்புப் பெயின்ட் கொண்டுவருகிறாய். மலையில் இருப்பதை விட்டுவிட்டு, கண்ணில் படும் ஒவ்வொரு பேனரிலும் மோவாய்க்கு மேலே பூசி முடித்த பிறகுதான் ஊர் திரும்புகிறாய். இனி என் பெயரில் ஒரு முழ பேனர்கூட அச்சாகக் கூடாது. அச்சானால் தையில் உன் புதுவீட்டுப் பால் காய்ச்சும் விசேஷத்துக்கு நான் வரமாட்டேன். சிஸ்டர் பிலோமினாமேல் ஆணை.

உன் வீட்டில் அடுப்பு அணையாமலும் கூரை ஒழுகாமலும் இருக்கட்டும். சுபஸ்ரீக்கு என் அன்பு, குழந்தைக்கு இரண்டு முத்தம்.

இப்படிக்கு,
உன் அத்தை
ராணியம்மாள்

பின்குறிப்பு: பெயின்ட் வேண்டாம். டப்பாவைப் பிறகு எங்கே போடுவது? அதோடு, பெரியம்மாள் வீட்டுக்கு இரண்டு பக்கத்து வீடுகளும் ஒழுகுகின்றன. நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், பாவம், பாத்திரம் போதவில்லை. அதனால் எழுபத்தாறாவது பிறந்த நாள்வரை காத்திருக்காமல் உடனே இரண்டு அச்சடித்து அனுப்பு. பத்தடிக்குப் பதினாறடி இருக்கட்டும். போன முறை கயிறு கட்டும் ஓட்டை என் காதில் விழுந்துவிட்டது, ஓரம் தாராளமாக விடச் சொல். உன் நண்பர்கள் வேண்டாம், ஹெலிகாப்டர் வேண்டாம், சிங்கம் பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. மலைக்கு ஏற்றுவதற்கு முன் உளுந்தூர்பேட்டை முக்கில் ஒரே ஒரு நாள் கட்டி வைத்தால் தப்பில்லை, வழியில்தானே இருக்கிறது. புதுப் படம் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே படுத்திருப்பவர்கள் மழைக்காலம் முழுக்கப் பார்க்க வேண்டிய முகம் என்பதால் இதில் சிரித்திருக்கிறேன்.