புட்டுக்குழல் செங்கோலும் ஒரு நீதியமைச்சரும்

இந்த நாட்டில் எத்தனையோ நீதியமைச்சர்கள் இருந்திருக்கிறார்கள். சொந்தமாக ஆம்பிளிபயரும் கூம்பு ஒலிபெருக்கியும் வைத்திருந்தவர் ஒருவர்தான். அவர் பாராளுமன்றப் பக்கமே போனதில்லை. அந்த நட்டம் பாராளுமன்றத்துக்குத்தான்.

வடக்கே முசலிப் பக்கத்தில் அவரை எல்லாரும் மந்திரியார் என்பார்கள். சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கே மறந்துபோனதாகக் கேள்வி. கல்யாண வீடு, கந்தூரி, கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டி, எதுவென்றாலும் சவுண்ட் அவருடையதுதான். யுத்தம் முடிந்து, சனம் புத்தளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். கஷ்டப் பிரதேசச் சேவை என்று சொல்லி என்னைக் கணக்குப் படிப்பிக்க அங்கே தூக்கிப் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கூரை பாதி, பிள்ளைகள் பாதி. கூட்டங்கள் மட்டும் குறைவில்லாமல் நடந்தன. மீள்குடியேற்றக் கூட்டம், காணிக் கூட்டம், கண்ணிவெடிக் கூட்டம், போன கூட்டத்தால் ஏன் ஒரு பயனும் இல்லை என்று ஆராய இன்னொரு கூட்டம். எல்லாவற்றுக்கும் கதிரை தூக்குவது ஆசிரியர்மார். இப்போது நினைத்தாலும் எனக்கு இடுப்பு வலிக்கிறது.

அந்த அலுப்போடு ஒருநாள் பின்னேரம், ஊருக்கே நானாவான, அதாவது அண்ணனான, யூசுப் நானாவின் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். போன இடத்தில் சபாநாயகராக மாட்டிக்கொண்டேன்.

மந்திரியாரிடம் ஒரு சின்ன ரேடியோ இருந்தது. பாராளுமன்றத்தில் சட்டத் திருத்தங்கள் விவாதிக்கப்படுகிற நாட்களில் அதைக் காதோடு ஒட்டிக்கொண்டே திரிவார். புத்தளத்தில் இருந்த காலத்தில் சிங்களம் நன்றாகப் பிடிபட்டிருந்தது. பின்னேரம் கடைக்கு வந்து அன்றைய விவாதம் முழுவதையும் திரும்ப நடத்துவார். நீதியமைச்சர் எழும்பிப் பேசியது, எதிர்க்கட்சி குறுக்கிட்டது, அமைச்சர் திருப்பிக் கொடுத்தது எல்லாம் அவர் ஒரு வாயிலிருந்தே வரும். அமைச்சரின் பதில் திருப்தியில்லை என்றால் அதைத் தள்ளிவிட்டுத் தன்னுடைய பதிலைச் சொல்வார். அநேகமாக அமைச்சரின் பதில்கள் அவருக்குத் திருப்தியாக இருந்ததில்லை.

சபைக்கென்று ஒழுங்கு இருந்தது. கடைக்குள் நுழைகிறவர் சபாநாயகரின் கதிரையைப் பார்த்துத் தலை குனிய வேண்டும். கைபிடி வைத்த கதிரை கடையில் ஒன்றுதான். எனக்கு முன் அதில் இருந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். விவாதத்தின் நடுவில் குறட்டை விட்டதால் அவருடைய பதவி பறிபோயிருந்தது. வகுப்பை அடக்குகிறவருக்குச் சபையை அடக்கவும் தெரியும் என்று என்னைப் பிடித்து இருத்தினார்கள். செங்கோல், யூசுப் நானாவின் மூங்கில் புட்டுக்குழல். அது மேசையில் கிடந்தால்தான் சபை கூடியிருக்கிறது என்று கணக்கு. புட்டு அவிக்க நானா குழலைத் தூக்கினால் அந்த நிமிடமே சபை ஒத்திவைக்கப்படும். இடியப்பம் அவிக்கிற நாட்களில் மட்டும் விவாதம் நீளும்.

பேச்சுக்கு ஐந்து நிமிடம். அதற்கு மேல் யாரும் பேச முடியாது. இந்தச் சட்டத்தை மந்திரியார் கடையோடு நிறுத்தியிருக்கலாம். கல்யாண வீடுகளுக்கும் கொண்டுபோனார். மாப்பிள்ளையின் பெரிய வாப்பா வாழ்த்துச் சொல்லிக்கொண்டு நிற்பார், திடீரென்று மைக் செத்துவிடும். உறுப்பினரின் நேரம் முடிந்தது என்று சொல்லி மந்திரியார் அடுத்தவரைக் கூப்பிடுவார். பந்தியில் இருக்கிறவர்கள் வெளியே காட்டிக்கொள்ளாமல் சந்தோசப்படுவார்கள்.

எங்கள் பள்ளிக்கூடக் கட்டடத் திறப்புக்குக் கொழும்பிலிருந்து ஒரு பிரமுகர் வந்திருந்தார். கடைசியாக ஒரு வார்த்தை என்று சொல்லிவிட்டு மீன்பிடிப் பிரச்சினைக்குள் புதிதாக இறங்கினார். மந்திரியாரின் கை சுவிச்சுக்குப் போவதைக் கண்டு நான் ஓடினேன். போய்ச் சேருமுன் மைக் செத்துவிட்டது. பிரமுகர் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, இந்தக் கிராமத்துக்கு விரைவில் ஒழுங்கான மின்சாரம் தருவதாகத் தொண்டை கிழியக் கத்தினார். அன்று முழுவதிலும் சனம் கை தட்டியது அதற்கு மட்டும்தான். அதிபர் என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். சபாநாயகர் என்ற முறையில் நான் என்னத்தைச் சொல்ல?

எங்கள் எதிர்க்கட்சித் தலைவர் வேலாயுதம் அண்ணன். வயல் செய்கிற கமக்காரர், பேச்சில் சரியான இழுவை. ஒரு வசனம் தொடங்கினால் நாங்கள் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிடலாம், அவர் முடிக்கமாட்டார். கடைக்கு வெளியே அவரும் மந்திரியாரும் எதிரெதிரே வந்தாலும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். ஏன் என்று யூசுப் நானாதான் ஒருநாள் குழலைக் கழுவிக்கொண்டே எனக்குச் சொன்னார்.

யுத்தத்துக்குள் முஸ்லிம் சனம் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்குப் போனபோது மந்திரியார் விட்டுவிட்டுப் போன வளவில் இப்போது இருப்பது வேலாயுதம் அண்ணன். அவரும் சுகமாக வந்து ஏறியவர் இல்லை. சண்டைக்குள் சொந்தக் கிராமத்தை இழந்து, மனைவி பிள்ளைகளோடு வந்து, வெறுமையாய்க் கிடந்த வளவில் வீடு போட்டு, தூர்ந்துபோன கிணற்றை இறைத்து, மாமரம் நட்டு வாழ்ந்தவர். மந்திரியார் திரும்பி வந்து பார்த்தபோது படலையைத் திறந்தது வேலாயுதம் அண்ணனின் மகள். மந்திரியார் அப்படியே திரும்பி, ரோட்டோரத்தில் தகரக் கொட்டில் போட்டு ஒலிபெருக்கிகளோடு படுத்தார். புத்தளத்தில் இருந்த மனைவி, வளவு கைக்கு வரட்டும், அதற்குப் பிறகு வாறன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டா.

அடுத்தவர் காணியில் பத்து வருடம் தடையில்லாமல் இருந்தால் அது இருந்தவருக்கே சேரும் என்று ஒரு பழைய சட்டம் உண்டு. யுத்தத்தால் ஓடியவர்களுக்கு அந்தப் பத்து வருடம் செல்லாது என்று திருத்தம் கொண்டுவரப் போவதாகக் கொழும்பில் பேசினார்கள். மந்திரியார் ரேடியோவைக் காதிலிருந்து எடுக்காததற்குக் காரணம் அதுதான். அவருடைய வளவும் வீட்டுக்காரியும் அந்த ஒரு சட்டமூலத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். வேலாயுதம் அண்ணனின் வீடும் அதே சட்டமூலத்தில்தான் தொங்கியது.

நேரே பேசினால் கை கலக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பாராளுமன்றத்தில் ஒருவர் மற்றவரைப் பார்த்துப் பேசக் கூடாது, எதையும் சபாநாயகருக்குத்தான் சொல்ல வேண்டும். மந்திரியாருக்கு இந்தச் சபை ஏன் தேவைப்பட்டது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"கௌரவ சபாநாயகர் அவர்களே, அடுத்தவண்ட வளவுல மாமரம் நட்டா அது ஆருக்குச் சொந்தம் எண்டு எதிர்க்கட்சித் தலைவர் சொல்லணும்."

"சபாநாயகர் அவர்களே, தண்ணி ஊத்தினவன் ஆர் எண்டு அந்த மரத்தையே கேக்கச் சொல்லுங்கோ."

ஒருவரையொருவர் திட்ட வேண்டியதெல்லாம் என் முகத்தைப் பார்த்தே திட்டினார்கள். பகல் முழுக்கப் பின்னக் கணக்கோடு மாரடித்துவிட்டு வந்தவன் நான். தேத்தண்ணி ஆறிப்போகும். ஆனால் பேசினார்கள். அதுவும் ஒரு பேச்சுத்தான்.

சட்டமூலமோ வரும், ஒத்திவைக்கப்படும், திரும்ப வரும், திரும்பவும் ஒத்திவைக்கப்படும். கொழும்பில் எந்தப் புட்டுக்குழலைத் தூக்கினார்களோ தெரியாது. ஒவ்வொரு முறையும் மந்திரியார் வந்து விவாதத்தைக் கொஞ்சம் சுருக்கமாக நடத்துவார். பிறகு நடத்தாமலே வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போன நாட்களும் உண்டு. அந்த நாட்களில் வேலாயுதம் அண்ணனும் வாய் திறக்கமாட்டார்.

கடைசியில் ஒருநாள் அது நிறைவேறியது. மந்திரியார் சொல்ல முன்பே செய்தி சந்திக்கு வந்துவிட்டது. வேலாயுதம் அண்ணன் கடைக்குள் வந்து எனக்குத் தலை குனிந்துவிட்டு, வாங்கில் இருக்காமல் நின்றார். அவ்வளவு சுருக்கமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"சபாநாயகர் அவர்களே, எங்களை எப்ப எழும்பச் சொல்லுறார் எண்டு அமைச்சரிட்டைக் கேளுங்கோ. மகள் பிள்ளைத்தாச்சி."

மந்திரியார் மேசையில் கிடந்த குழலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல எழும்பினார்.

"எங்கட சபையில குழுநிலை விவாதம் இன்னும் முடியல்ல, சபாநாயகர் அவர்களே."

அதற்குப் பிறகு, வளவை இரண்டு பேருக்கும் பங்கு போடுகிற சட்டத்தில் வாசகம் வாசகமாகப் போனோம். எந்த மனிசனுக்கும் அலுத்துப்போகும். வீடு நிற்கிற பாதி வேலாயுதம் அண்ணனுக்கு, ரோட்டுப் பக்கத்துப் பாதி மந்திரியாருக்கு என்பது சீக்கிரம் முடிந்தது. மாமரத்துக்கு ஒரு கிழமை போனது. வேலியோரப் பனைக்கு இரண்டு அமர்வு. கிணற்றில்தான் எல்லாம் சிக்கியது. உப்பில்லாத தண்ணீர், விட்டுக்கொடுக்க இரண்டு பேருக்கும் மனமில்லை. விவாதம் சூடாகிக்கொண்டிருக்கும்போது யூசுப் நானா வந்து புட்டுக்குழலில் கை வைத்தார். மந்திரியார் குழலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இன்றைக்கு இந்த ஊரில் ஒருவருக்கும் புட்டு வேண்டாம் என்றார். அன்று எல்லாரும் பேக்கரிப் பாண் தின்றோம். வேலி கிணற்றடியோடு நிற்கும், கிணறு இரு பக்கத்துக்கும் பொது என்று அந்தப் பாணோடு வாசகம் நிறைவேறியது.

திரும்பி நடக்கும்போது, வழக்குப் போட்டால் முழு வளவும் வந்திருக்குமே என்று மந்திரியாரிடம் கேட்டேன்.

"வந்திருக்கும் சேர். புள்ளைத்தாச்சிய எந்த முகாமுக்கு அனுப்புற? புத்தளத்துல நாங்க கொட்டில் போட்ட நிலமும் அடுத்தவண்டதான். எழும்பச் சொல்லுவாங்களோ எண்டு நெனச்சே படுத்தம். அந்தப் பயம் எனக்குத் தெரியும்."

பாதி வளவுக்கு வரமாட்டேன் என்று மனைவி சில நாள் பிடிவாதம் பிடித்தாவாம். பிறகு ஒருநாள் பஸ்ஸால் இறங்கினா. புது வீடு குடிபுகுந்த அன்று வாசலில் ஒலிபெருக்கி கட்டியிருந்தது, சொந்த வீட்டுக்குச் சொந்த சவுண்ட். பெரியவர்கள் பேசினார்கள். ஐந்தாவது நிமிடத்தில் எல்லாருடைய மைக்கும் ஒழுங்காகச் செத்தது. மனைவி வீட்டுக்காரருக்கும் இரக்கம் காட்டப்படவில்லை.

வேலாயுதம் அண்ணனைப் பிடித்து மைக்குக்கு முன்னால் விட்டார்கள். கௌரவ சபாநாயகர் அவர்களே என்று தொடங்கி என்னைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அப்படியே மந்திரியார் பக்கம் திரும்பிவிட்டார்.

"நானா, நீங்கள் இனி வரமாட்டியள் எண்டு நினைச்சுத்தான் அந்த மாமரத்தை வைச்சனான். வந்திட்டியள். வந்தது நல்லது, நானா."

சபையில் உறுப்பினரை நேரே விளிப்பது ஒழுங்குப் பிழை. நான் தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. அண்ணன் விடாமல் பேசினார். கிணறு இறைத்த கதை, மகள் பிறந்த கதை, வளவில் இடிந்து கிடந்த சுவரில் பழைய பள்ளிவாசல் படமொன்று கிடைத்து அதை எறிய மனமில்லாமல் அலுமாரிக்குள் வைத்திருக்கிற கதை. ஐந்து நிமிடம் போனது, பத்தும் போயிருக்கும். பந்தியில் சோறு ஆறியது. மந்திரியாரின் விரல் சுவிச்சிலேயே இருந்தது, கண் நிறைந்திருந்தது.

இப்போதும் நீண்டுபோகிற ஏதாவதொரு கூட்டத்தில் அலுத்துப்போய் இருக்கும்போது, அந்தச் சுவிச்சுக்கு அருகில் அந்த மனிசன் இருக்கக்கூடாதா என்று மனம் தேடும். அன்றைக்கு அவர் மைக்கை அணைக்கவில்லை.