எல்லாருக்காகவும் துப்பிய மாமாவுக்கு

தாராவி,
வெள்ளிக்கிழமை.

பரிசோதனை முடிவு குரங்கு என்று வரவில்லை மாமா. அதைத்தான் முதலில் கேட்பீர்கள் என்று தெரியும். நீங்கள் என்று வந்திருக்கிறது.

மரியாதைக்குரிய நம்பிராஜன் மாமாவுக்கு, தங்கை மகள் பூமாரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நான் மட்டும் இல்லை. நகரின் மறுகோடியில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு விரதம் இருக்கும்போது போனைத் தொடமாட்டீர்கள் என்று உங்கள் மகள் மாலதி மதினி சொன்னாள். அதனால் கடிதம். கூரியரில் நாளையே கிடைத்துவிடும்.

என் ஆராய்ச்சி உங்களுக்குத் தெரியும். மனிதன் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி வந்த வழி. யார் எங்கே தங்கினார்கள், யார் யாரோடு கலந்தார்கள். எலும்பில் தேடுகிறார்கள். நாங்கள் எச்சிலில் தேடுகிறோம். நம் தெருவில் பதினெட்டுக் குழாய்கள் கொடுத்தேன். என் முன்னால் துப்பப் பெண்களுக்குக் கூச்சம் என்றாள் அம்மா. குழாய்களை வீட்டில் விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். அதுதான் நான் செய்த தவறு.

நேற்று வேங்கடசுப்ரமணியன் சார் கூப்பிட்டார். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி அவர்தான். கதவைச் சாத்தினார். "பதினெட்டும் ஒரே ஆள்மா. உங்கம்மா ஆம்பளைன்னு வந்திருக்கு. நீயும் ஆம்பளைதான்." சிரிக்கவில்லை. திங்கட்கிழமை காலை கமிட்டி கூடுகிறது. நானே தயாரித்த பொய் மாதிரிகள் என்று முடிவானால் என் இடம் போய்விடும். நாலு வருட வேலையும்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அம்மா மாவு கரைத்துக்கொண்டே, ஏதோ பால் வாங்கிய கதை போலச் சொன்னாள், "ஏட்டி, எச்சியும் பேரும் ஒண்ணாச் சிக்குனா போதும், எவனும் செய்வினை வச்சிருவான், எங்க அண்ணன் சுடலைக்கு ஆடுதவரு, அவர எவன் தொட முடியும், அதான் தெருவே அவருகிட்ட நீட்டிட்டு, எல்லாத்துலயும் அவரே துப்புனாரு, பாவம், பாதியில நாக்கு வறண்டுபோச்சு, ரெண்டு சோடா வாங்கிக் குடுத்தோம்." என் குழாயை நான் நிரப்பித்தானே வைத்தேன் என்றேன். "கழுவிட்டேன்" என்றாள். "ஊரு புள்ளைகளக் காப்பாத்திட்டு, பெத்த புள்ளய விட்டுருவேனா?"

முடிவுத் தாளை எடுத்து மறுபடி படித்தேன்.

இந்த முடிவின்படி, ஆப்பிரிக்காவிலிருந்து நடந்து வந்த ஆதி மனிதன் தாராவிக்கு வந்து சேர்ந்து, சோடா குடித்தான். அதன்பின் வேறு யாரும் பிறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை நீங்கள் கல்லூரிக்கு வர வேண்டும் மாமா. "நான்தான் துப்பினேன்" என்று கமிட்டி முன்னால் சொன்னால் போதும். அப்புறம் அவரவர் குழாயில் அவரவர் துப்ப வேண்டும். நீங்கள் சொன்னால்தான் தெரு கேட்கும். செய்வினை என்று ஒன்று இல்லை என்றும் சொல்லுங்கள். எச்சில் வெறும் எச்சில். அதை யாரிடம் கொடுத்தாலும் யாருக்கும் எதுவும் ஆகாது.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. எங்களைக் காத்த உங்களைச் சுடலை காக்கட்டும்.

உங்கள் மருமகள்,
பூமாரி

பி.கு.: இதை உறையின் பின்பக்கம் எழுதுகிறேன். உறையை நாக்கால் நனைக்கப் போனேன். கூரியரில் யார் யார் கைக்குப் போகுமோ. உறைமேல் என் பெயர் இருக்கிறது. வரும்போது திருநீறு கொண்டுவாருங்கள், நெற்றிக்கு மட்டும், வாயில் போட்டால் மாதிரி கெட்டுவிடும். எல்லாருக்கும் வேண்டும். எனக்கும். கீழே போய்ப் பசை வாங்கி வந்து உறையை ஒட்டினேன்.