எங்கள் தார்ரோடும் உங்கள் தங்கையும்

சேசு மரி சூசை துணை

சவேரியார்குடி,
27-5-1974

பாசமும் மரியாதையும் மிக்க மனுவேல் மாமா அவர்களுக்கு, மருமகள் ஹில்டா முழங்காலில் நின்று எழுதுவதாக நினைத்துக்கொள்ளவும். தாங்களும் விக்டோரியா அத்தையும் பிள்ளைகளும், துறைமுகத்தில் தாங்கள் கணக்குப் பார்க்கும் கப்பல்களும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். மனச் சுகத்தைப் பற்றிச் சொல்வதற்கில்லை. நான் பெரிய அதிர்ச்சியில் இருக்கிறேன். அதற்குக் காரணம் தங்கள் தங்கை, அதாவது என் அம்மா.

நான் எட்டாம் வகுப்பு பாஸ் செய்தது தங்களுக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்புக்குக் குளத்தூர் போக வேண்டும் என்பதும், மெயின் ரோடு வரை உடைமரக் காட்டு மணலில் பொம்பளப்பிள்ளை தனியாக நடக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டதும் தெரியும். "பஸ்ஸு கோயில் வாசலுக்கு வந்தா படிக்கட்டும், வராட்டா வலை முடியட்டும்" என்பது அப்பாவின் தீர்ப்பு. அந்த நேரத்தில்தான் பாளையங்கோட்டையிலிருந்து கல்லூரி மாணவர்கள் ஊர்ச்சேவை முகாமுக்கு வந்தார்கள். எங்கள் இளைஞர் மன்றத்தோடு சேர்ந்து, மெயின் ரோட்டிலிருந்து கோயில் வரை ரோடு போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நான் அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். மன்றத்துக்குத் தலைவர் நம் வில்பிரட் அண்ணன்தான். மாணவர்களை அழைத்து வந்த பேராசிரியர் ஜகந்நாதன் சார் ஆழ்வார்திருநகரிக்காரர், மீன் வாசமே அறியாதவர். முதல் நாள் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, "இந்த வாசனை எத்தனை நாளில் போகும்மா?" என்று அம்மாவிடம் கேட்டார். "வாசம் போனா வெலை போயிரும் சார்" என்றாள் அம்மா. அதற்கப்புறம் சார் பேச வேண்டியதையெல்லாம் மன்றத்தாரிடமே பேசினார்.

மன்றத்தார் கடற்கரையில் கூடிக் கூடிப் பேசினார்கள். எல்லோரும் ஆம்பிளைகள். ரோடு போகும் வழியெல்லாம் அளந்து முளை அடித்தார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு முளையில் மரியசெல்வி சித்தியின் ஆடு கட்டிக் கிடந்தது. ஆடு முளையைப் பிடுங்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போயிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. ஆடு கொண்டுபோய்ப் போட்ட இடமே முளை அடித்த இடம் என்று நினைத்து சரள் கொட்டிவிட்டதால், எங்கள் ரோடு சித்தி வீட்டு வாசலுக்குள் ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போகிறது. "ரோடு ஏன் வளையுது?" என்று சார் கேட்டதற்கு, "ஆடு இழுத்துட்டு சார்" என்று சித்தி மறைக்காமல் சொன்னாள். மாமா, நானும் சரள் சுமந்தேன். பெண்கள் எல்லோரும் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்து ஊற்றினார்கள். பஞ்சாயத்து யூனியனிலிருந்து தாரும் ரோலரும் வந்து வேலை முடிந்த அன்று சார் உணர்ச்சிவசப்பட்டு, "தாய்மார்களே, இது சர்க்கார் ரோடு அல்ல, உங்கள் ரோடு. உங்கள் இஷ்டம்போல் பயன்படுத்துங்கள்" என்று பேசினார். தாய்மார்கள் மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். அவ்வளவு கவனத்தைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை வெள்ளோட்டம். பஸ் கம்பெனி மேனேஜரே பஸ்ஸில் ஏறி வந்து பார்த்து, வண்டி கோயில் வரை வந்து திரும்பினால் தினமும் பஸ் விடுவதாக ஏற்பாடு. மாணவர்கள் தோரணம் கட்டியிருந்தார்கள், அண்ணன் மாலையோடு நின்றான், நான் என் எட்டாம் வகுப்புச் சர்டிபிகேட்டைக்கூட எதற்கும் இருக்கட்டும் என்று கையில் வைத்திருந்தேன். ஆனால் அன்று காலையில் வள்ளங்கள் கொள்ளாத நெத்திலியோடு கரை சேர்ந்துவிட்டன. பஸ் சத்தம் கேட்டு நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தால், ஆட்டு வளைவிலிருந்து கோயில் படி வரைக்கும் ரோடே தெரியவில்லை, வெள்ளி வெள்ளியாக நெத்திலி காய்கிறது. நடுவில் குனிந்து அதைப் புரட்டிக்கொண்டிருப்பது யார் என்று பார்த்தால், தங்கள் தங்கை.

டிரைவர் செல்லப்பாண்டி பஸ்ஸை நிறுத்தி எட்டிப் பார்த்து, "எம்மா, இது ரோடா, களமா?" என்றார்.

"ரெண்டுந்தான் அண்ணாச்சி. ஓரமா ஒதுங்கிப் போங்க" என்றாள் மரியசெல்வி சித்தி.

"ஓரம் எங்கன இருக்கு?"

"அது நீங்கதான் பாக்கணும். நாங்களா ஓட்டுதோம்?"

ஜகந்நாதன் சார் ஓடி வந்தார். கைக்குட்டையை மறந்துவிட்டார் என்றால் அவர் நிலைமையைத் தாங்களே ஊகிக்கலாம். "அம்மா, இது வண்டி போறதுக்காகப் போட்ட ரோடு" என்றார். அம்மா நிமிர்ந்து, "ஒங்க ரோடு, இஷ்டம்போல செய்யுங்கன்னு நீங்கதான சார் சொன்னிய? பஸ்ஸு வாரது காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. வெயிலு நாள் முழுக்க அடிக்கி. இம்புட்டு நீளத்துக்குக் கருப்பா, சூடா, மண்ணு ஒட்டாம ஒண்ணப் போட்டுட்டு அதச் சும்மா போட்டு வைக்கச் சொல்லுதியளே" என்று கேட்டாள். கல்லூரியில் சாருடைய பாடம் தர்க்க சாஸ்திரமாம்.

பஸ்ஸுக்குத் திரும்ப இடமில்லை. மேனேஜரை உள்ளே வைத்துக்கொண்டே பின்பக்கமாகப் போனதில், ஆட்டு வளைவில் சக்கரம் மணலில் இறங்கிவிட்டது. மாணவர்களும் மன்றத்தாரும் தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. கடைசியில் அம்மாவும் மற்ற பெண்களும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தோள் கொடுத்ததும் வண்டி மேலே ஏறியது. மேனேஜர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா, இந்த ரோடு எப்பதான் காலியா இருக்கும்?" என்று கேட்டார். "ஞாயித்துக்கிழம. அன்னிக்கு நாங்க மீனத் தொடுறதில்ல" என்றாள் அம்மா. "அப்ப ஞாயித்துக்கிழமை மட்டும் விடுறோம்" என்றார் மேனேஜர். மன்றத்தார் கை தட்டினார்கள், மாமா. அண்ணன் மற்ற எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினான். நான் ஜகந்நாதன் சாரின் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது சார்" என்றேன். "நல்ல அவதானிப்பு" என்று என் தலையைத் தடவிவிட்டு அவர் மேனேஜருக்கு மாலை போடப் போனார்.

அன்று இரவே அப்பா எனக்கென்று புது வலை ஊசி செதுக்கத் தொடங்கிவிட்டார். அம்மாவிடம் அழுதேன். "நெத்திலி காஞ்சாத்தானளா ஒனக்குப் பொஸ்தகம் வாங்க முடியும்?" என்கிறாள். புத்தகம் வாங்கி எங்கே கொண்டுபோய்ப் படிப்பது? ஆகவே மாமா, என்னைத் தூத்துக்குடிக்கு அழைத்துப்போய்த் தங்கள் வீட்டில் வைத்துப் படிக்கவைக்கும்படி கெஞ்சிக் கேட்கிறேன். தண்ணீர் எடுப்பேன், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவேன், அத்தை செய்யும் புளிக்குழம்பைக் குறை சொல்லாமல் சாப்பிடுவேன். தங்கைக்குப் புத்தி சொல்வதானால் நேரில் வந்து சொல்லவும், கடிதத்தில் எழுதினால் அதை நான்தான் வாசித்துக்காட்ட வேண்டியிருக்கும். அத்தைக்கு என் தோத்திரம். பிள்ளைகளுக்கு முத்தம். பனிமய மாதா நம் இரு வீட்டையும் காப்பாளாக.

இப்படிக்கு,
தங்கள் வருகைக்காக மணலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
ஹில்டா

பி.கு.: மாமா, வர வேண்டாம். தபாலில் போட ஆளில்லாமல் இந்தக் கடிதம் மாதா படத்துக்குப் பின்னாலேயே கிடந்துவிட்டது. அதற்குள் காரியம் வேறாகிவிட்டது. அன்று பஸ்ஸைத் தள்ளும்போது அம்மா அதன் கூரையைப் பார்த்திருக்கிறாள். போன வாரம் பெண்கள் எல்லோரும் மெயின் ரோட்டுக்குப் போய் பஸ்ஸை மறித்து, "இம்புட்டுப் பெரிய மேல்தட்டச் சும்மாவா வச்சிட்டு ஓட்டுதிய?" என்று செல்லப்பாண்டி அண்ணாச்சியைக் கேட்டார்களாம். கூடைக்குக் கூலி கிடைக்கும் என்றதும் மேனேஜரும் சம்மதித்துவிட்டார், இப்போது தினமும் பஸ் கோயில் வாசலுக்கே வருகிறது. காலையில் அது கருவாட்டுக் கூடைகளை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் பெண்கள் ரோட்டில் மீனைப் பரப்புகிறார்கள், சாயங்காலம் அது வருமுன் வாரிவிடுகிறார்கள். மேல்தட்டு நிறைந்து மீதிக் கூடைகள் உள்ளே வந்துவிடுவதால், எனக்கு இடம் மரியசெல்வி சித்தியின் கூடைக்கும் அம்மாவின் கூடைக்கும் நடுவில்தான். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும் முன் என்னையும் கூடைகளையும் மாறி மாறிப் பார்த்தார். இன்று ஒன்பதாம் வகுப்பில் முதல் நாள். நான் போய் உட்கார்ந்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் மூவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் எழுந்து போய்விட்டார்கள். முழு பெஞ்சும் எனக்கே. புத்தகங்களை எல்லாம் விரித்து வைத்துக்கொள்ள மிகவும் வசதியாக இருக்கிறது.