எதுக்காவது ஆகும்

காலிப் பெட்டியைக் கண்டால் முகம் மலரும் ஓர் இனம் நம்மிடையே வாழ்கிறது. அதன் குணங்களைச் சொல்வதற்கு முன், அந்த இனத்தைச் சேர்ந்த ஓர் அக்காவும் அதில் சேராத அவள் தங்கையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியதைச் சொல்லிவிடுவது நல்லது. தங்கைக்கு அந்தப் பேச்சில் ஒரு வரிகூட இன்றுவரை மறக்கவில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

"ஏண்டி, வீட்ல முட்டை அட்டை இருக்கா?" என்று அக்காதான் ஆரம்பித்தாள்.

"இல்லக்கா. தூக்கிப் போட்டுட்டேன்."

"டிஷ்யூ பேப்பர் சுத்தி வருமே, அந்தக் குழல்?"

"அதையும்தான்."

"அடிப்பாவி! எதுக்காவது ஆகுமே!"

"எதுக்கு ஆகும்?"

"அது ஆகும்போது தெரியும்." பிறகு, "குட்டிக்குப் போன பிறந்தநாளுக்கு ஷூ பெட்டில ரயில் செஞ்சு குடுத்தேனே, அது இருக்கா?"

தங்கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "பரண்ல பத்திரமா இருக்குக்கா. பிளாஸ்டிக் கவர் போட்டு வச்சிருக்கேன்."

"கவரெல்லாம் போட்டிருக்கியா?"

"பின்ன? தூசி படாதா?"

"சரி சரி. நல்லா இருக்கட்டும்," என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

ரயில் பரணில் இல்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறார்கள் என்று, அன்று காலையில்தான் தங்கை அதைக் கீழே கொண்டுபோய், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பழைய காகிதத் தொட்டியில் போட்டிருந்தாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவள் பல் டாக்டர். கையுறை, வாய் கொப்பளிக்கும் கோப்பை, பஞ்சு என்று எதையும் ஒரு தடவை தொட்டுவிட்டுத் தூக்கிப் போட்டே சம்பாதிக்கிறவள்.

அக்கா வேலை பார்ப்பது கூரியர் அலுவலகத்தில், கிழிந்த பார்சல்களைத் திரும்பக் கட்டும் பிரிவில். சுற்றிலும் அட்டை, நூல், ஒட்டு நாடா, அழுத்தினால் பட்டென்று வெடிக்கும் குமிழித் தாள். ஆண்டவனே பார்த்துக் கொடுத்த உத்தியோகம். அவளுக்கு உறவினர்கள் வைத்த பெயர் 'ஆகும் அக்கா'.

இவளை உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டில் அவள் அண்ணியாக, சித்தியாக, ஏன், ஓய்வு பெற்ற மாமாவாகக்கூட இருக்கலாம். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் ஆசையாக வாங்கிய புதுச் சட்டையைக் காட்டினால் மற்றவர்கள் சட்டையைப் பார்ப்பார்கள்; இவள் காலருக்குள் இருக்கும் அட்டையைப் பார்ப்பாள். விருந்துக்குக் கூப்பிட்டால், பிஸ்கட்டை விட்டுவிட்டு பிஸ்கட் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எப்ப காலியாகும்?" என்று கேட்பாள். எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுக் குப்பையை நலம் விசாரிக்காமல் படியேற மாட்டாள். அவள் கட்டிலுக்கு அடியில் தயிர் டப்பாக்களும், ஒற்றைக் காலுறைகளும், மாத்திரை தீர்ந்த அட்டைகளும், மை உலர்ந்த பேனாக்களும், அறுந்த ஜிப்புகளும், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகளும் கிடக்கும். இவை எல்லாம் ஒருநாள் சொந்தக்காரக் குழந்தைகளுக்குப் பரிசாக அவதாரம் எடுக்கப்போகின்றன. வாங்குவதற்குக் குழந்தைகள் போதவில்லை என்பதுதான் அவளுடைய ஒரே குறை.

காலியானதை மட்டும் எடுத்தால் பரவாயில்லை. பெங்குவின் செய்ய ஷாம்பூ பாட்டில் வேண்டும்; பாட்டிலில் பாதிக்கு மேல் ஷாம்பூ இருக்கிறது. என்ன செய்வது? நீங்களும் நானும் காத்திருப்போம். அக்கா அதைக் கிண்ணத்தில் கவிழ்த்துவிடுவாள். அவள் கணவர் அதை ஏதோ சாஸ் என்று நினைத்து ரொட்டியில் தடவப் போன கதை குடும்பத்தில் பிரசித்தம். அந்த மனிதருக்கு எதையும் அனுமதி கேட்காமல் எறியும் உரிமை போய் வெகுகாலமாகிறது. ஒருநாள் ஆபீஸுக்குக் கிளம்பும்போது சட்டையில் கடைசிப் பொத்தானைக் காணவில்லை.

"இங்க ஒரு பட்டன் இருந்துதே?"

"யானைக்குக் கண்ணு வேணும்ல. நீங்கதான் இன் பண்ணிக்கறீங்களே, யாருக்குத் தெரியப்போகுது?"

"யானைக்கு ரெண்டு கண்ணு ஆச்சே?"

"நாளைக்குப் போடற சட்டையையும் பாத்துட்டுப் போடுங்க."

பரிசைக் கொடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. உடனே கொடுத்துவிடக் கூடாது. துணி போட்டு மூடி, கூடத்தின் நடுவில் வைத்து, எல்லோரையும் கூப்பிட்டு, துணியை விலக்கிவிட்டு, "என்னன்னு சொல்லுங்க பாப்போம்!" என்பாள். அந்தக் கணத்தில் அறையில் நிலவும் பயம் இருக்கிறதே, பரீட்சை அறையில்கூட இருக்காது. யாராவது ஒரு அப்பாவி, "ஆந்தையா?" என்பான். "யானை!" என்பாள் அக்கா. "அட, ஆமா, தும்பிக்கை இப்பத்தான் தெரியுது" என்று நான்கு பேர் ஒரே குரலில் சொல்வார்கள். அடுத்து, "எதுல செஞ்சேன்னு சொல்லுங்க?" அதன்பின் ஒவ்வோர் உறுப்பின் வாழ்க்கை வரலாறு. காது எந்தத் தலையணை உறை, வால் யாருடைய ஷூ கயிறு, தந்தம் எந்த ஐஸ்கிரீமின் குச்சி. கடைசியாக, "கடைல வாங்கினா இப்படி வருமா?"

வராது. அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இவ்வளவும் கேட்டுக் கால் மரத்துப்போன குழந்தை, ஒருவழியாகக் கையை நீட்டும். "பாத்து, பாத்து! பசை காயல!" என்று அக்காவே அதைத் தூக்கி அலமாரியின் மேல் வைத்துவிடுவாள். பசை காய்ந்துவிடும். பொம்மை இறங்காது.

அடுத்த முறை வரும்போது அலமாரியின் உச்சியை அவள் ஒரு பார்வை பார்ப்பாள். எல்லாம் புத்தம் புதிதாக நிற்கும். ஒருமுறை அவள் கணவர் தங்கையிடம் ரகசியமாகச் சொன்னார்: "உங்கக்காவுக்கு இருக்கறது ஒரே ஆசைதாம்மா. அவ செஞ்சதுல ஒண்ணையாவது ஒரு குழந்தை உடையற வரைக்கும் வச்சு விளையாடணுமாம். உடைஞ்சதைத் தன் கண்ணால பாக்கணுமாம். பைத்தியம்."

தங்கை சிரித்தாள். நாமும் சிரிப்போம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவளுக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் அவள் மகள் குட்டி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கேட்டாள்.

"அம்மா, ரயில் எங்க?"

"ஊருக்குப் போயிருக்கு."

"யாரு ஓட்டிட்டுப் போனா?"

"டிரைவர்தான்."

"டிரைவர் நான்தானே?"

பல் டாக்டர் பேச்சை மாற்றினாள். இரண்டு நாளில் மறந்துவிடும் என்று நினைத்தாள். குட்டி தினமும் புத்தகப் பையைக் கழற்றும் முன்பே "வந்துடுச்சா?" என்றாள். போதாததற்கு, பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா வருவாள். "எங்கே, அந்த ரயிலைக் கொஞ்சம் இறக்கு" என்று சொன்னால்? வெள்ளையடித்தவர்கள்மேல் பழியைப் போடலாமா, பரணில் எலி என்று சொல்லலாமா என்று நோயாளிகளின் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு யோசித்தாள்.

அக்கா வந்தாள். துணி போட்டு மூடிய உயரமான ஒன்றைக் கூடத்தின் நடுவில் வைத்தாள். துணியை விலக்கினாள். நான்கு மாடி வீடு. பால்கனி, கதவு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அக்கா, "என்னன்னு சொல்லுங்க" என்று கேட்கவில்லை. வரலாறும் சொல்லவில்லை. "எடுத்துக்கோடா குட்டி. பசையெல்லாம் காஞ்சிடுச்சு," என்றாள்.

அப்போதே தங்கைக்கு என்னவோபோல் இருந்தது.

குட்டி ஒவ்வொரு மாடியாகத் திறந்தாள். முதல் மூன்றிலும் உள்ளே வண்ணத்தாள் ஒட்டியிருந்தது. நான்காவதில் ஒட்டவில்லை. குட்டி அதற்குள் தலையை விட்டு, விட்ட வேகத்தில் வெளியே எடுத்தாள்.

"அம்மா! ரயில் வந்துடுச்சு!"

தங்கையும் குனிந்து பார்த்தாள். பழைய ரயில் பெட்டியின் உட்புறம் முழுக்கக் குட்டி நீலக் கிரேயானில் வரைந்த பயணிகள். குறட்டை விடும் அப்பா. டார்ச் லைட்டோடு அம்மா. எல்லோரையும்விடப் பெரிய தலையும் கையில் கத்தரிக்கோலுமாகப் பெரியம்மா. பால்கனியில் பதித்திருந்த மூடி ஒன்று முன்பு சக்கரமாக இருந்தது. அதன் ஓரத்தில் சின்னச் சின்னதாகப் பல் பதிந்த தடம். ஊரார் பல்லையெல்லாம் பார்க்கிறவள், தொட்டியில் போடும்போது அதைப் பார்க்கவில்லை.

ஆக, அக்கா போன் செய்தபோது ரயில் அவள் மடியில்தான் இருந்திருக்கிறது. அதற்கு முன், அன்று மாலை தங்கை வீட்டுக்கு வந்தவள், வழக்கம்போல் மாடிப்படிக்கு அடியில் எட்டிப்பார்த்திருக்கிறாள். கூரை அமுங்கி, இரண்டு சக்கரம் போய், மூலையெல்லாம் நசுங்கி, உடையும்வரை விளையாடிய பொம்மை அவளுக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கிடைத்தது. கிடைத்த இடம்தான் தொட்டி. மேலே ஏறாமல் வீட்டுக்குத் திரும்பிப் போய், முட்டை அட்டை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள்.

அக்கா வாசலில் செருப்பு மாட்டும்போது தங்கை, "அக்கா, நான் வந்து..." என்றாள்.

"விடுடி. பரண்லேருந்து தவறிக் கீழ விழுந்திருக்கும்."

"இல்லக்கா..."

"அந்தப் பிளாஸ்டிக் கவரைத்தான் எவ்வளவோ தேடினேன். கிடைச்சிருந்தா எதுக்காவது ஆகியிருக்கும்."

பின்னால் நின்ற அக்காவின் கணவருக்கு அவசரமாக இருமல் வந்தது.

அன்பர்களே, அக்காவைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். நல்லது. உங்கள் சமையலறையில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும் ஐஸ்கிரீம் டப்பா யாருடையது? உங்களுடையது இல்லை என்றால் இன்னும் கொஞ்சம் கவலைப்பட வேண்டியிருக்கிறது. உங்களுக்கு யாரோ கையால் செய்து கொடுத்த ஒன்றைப் பற்றி, யாரோ கேட்டபோது, "பத்திரமா இருக்கு" என்று சொல்லியிருக்கிறீர்கள். அது இப்போது எங்கே இருக்கிறது?

அக்கா இரண்டு படி இறங்கித் திரும்பிப் பார்த்தாள். உள்ளே நான்கு மாடியையும் தரையில் படுக்கப்போட்டு, குட்டி கூவிக்கொண்டே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், செய்வியா?" என்றாள். "தூக்கிப் போடு, நான் வேண்டாங்கல. போடறதுக்கு முன்னாடி உள்ள ஒரு தடவை பாத்துட்டுப் போடுடி."